கட்டிலுக்கு உண்டு காப்பீடு... மாத்திரைக்கு?

(மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கச் செயலாளர் கேட்டபோது ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ‘நட்பைப் பற்றி எழுதுடா’ என்றான் ஒருவன். ‘இளைஞனே எழுந்திருன்னு ஒரு கவிதை போடு’ என்றான் இன்னொருவன். நட்பைப் பற்றியும் இளைஞனைப் பற்றியும் எழுத நம் வகுப்பிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். எனக்கு எழுத வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. மூன்று வருஷமாக நெஞ்சுக்குள் கிடக்கிறது. வெளியே சொன்னால் வெட்கம் என்று எங்கள் வீட்டில் மூடி வைத்த விஷயம். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஊர் எப்படியும் பேசத்தான் செய்கிறது. அப்புறம் நாம் மட்டும் ஏன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்?

எங்கள் சித்தப்பாவுக்கு மனநோய். டாக்டர்கள் அதை மனச்சிதைவு என்கிறார்கள். ஊரில் அதற்கு என்ன பேர் என்று உங்களுக்கே தெரியும், நான் எழுத வேண்டியதில்லை.

அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரியில் கிளீனராக இருந்தவர் அவர். எனக்கு முதல் ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கிக் கொடுத்தவர். நான் பத்தாவது படிக்கும்போது திடீரென்று அவருக்குத் தூக்கம் போனது. கல்லு குவாரியில் ஓடும் மிஷின் தன் பேரைச் சொல்லித் திட்டுகிறது என்றார். சோற்றில் என்னவோ கலந்திருக்கு என்று தட்டைத் தள்ளினார். முதலில் கோயில், அப்புறம் குளம், அப்புறம் மந்திரித்த கயிறு. மூன்று மாதம் அப்படியே போய்விட்டது. இரண்டு ஆடு போனது, அம்மாவின் கொலுசும் போனது.

எங்கள் வீட்டில் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் தெரியும். அம்மாவுக்குக் கைநாட்டு. கரண்ட் பில் வந்தாலும், கூட்டுறவு சங்க நோட்டீஸ் வந்தாலும், ரேஷன் கார்டில் பேர் சேர்த்தாலும் ‘தம்பியைக் கூப்பிடு’ என்பார்கள். அப்படித்தான் டிரங்குப் பெட்டியில் இருந்த காப்பீட்டு அட்டையை எடுத்து என் கையில் கொடுத்தார் அப்பா. ‘அஞ்சு லட்சம்னு சொல்றாங்களே, இதுக்கு ஆகுமான்னு பாருப்பா.’ பதினைந்து வயசில் அந்த அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை. ‘ஆகும்ப்பா’ என்று சொல்லிவிட்டேன்.

ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கவுன்ட்டரில் இருந்தவர் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ‘இது ஆபரேஷனுக்குத்தான் தம்பி. இந்தக் கேஸுக்கெல்லாம் இங்க செல்லாது.’ அப்பா என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. ஐந்து வட்டிக்குக் கடன் வாங்கி 12 நாள் சேர்த்து வைத்தோம். 38,000 ரூபாய் ஆனது. சித்தப்பா தெளிந்து வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு மாத மாத்திரை. அது தீர்ந்ததும் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை.

அன்றைக்கு எனக்குத் தெரியாததை இந்த மூன்று வருஷத்தில் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன். அதைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

முதலில் நல்ல செய்தி. நம் நாட்டில் 2017-ல் மனநலப் பராமரிப்புச் சட்டம் நிறைவேறி, 2018-ல் நடைமுறைக்கு வந்தது. அதன் 21-வது பிரிவு, உடல் நோய்க்கு எந்த அடிப்படையில் மருத்துவக் காப்பீடு கொடுக்கிறார்களோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனமும் கொடுக்க வேண்டும் என்கிறது. 18-வது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு, கையில் அதற்கான அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், மனநோய் சிகிச்சை இலவசமாகக் கிடைக்க வேண்டும். 95-வது பிரிவு, மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது.

சங்கிலி என்றதும் நமக்கு ஏர்வாடி ஞாபகம் வர வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநோயாளிகள் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். நாமெல்லாம் பிறப்பதற்கு முன்பு நடந்தது. அந்த 28 பேரையும் அங்கே கொண்டு போய் விட்டது எதிரிகளா? பெரும்பாலும் பெற்றவர்கள், கூடப் பிறந்தவர்கள். பாசம் இல்லாமலா விட்டார்கள்? பக்கத்தில் டாக்டர் இல்லை, கையில் பணம் இல்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. எங்கள் வீட்டிலும் ஒரு நாள் ராத்திரி ‘எங்கயாவது கொண்டுபோய் விட்டுடலாமா’ என்று பேச்சு வந்தது. பேசியவர்கள் கெட்டவர்கள் இல்லை. களைத்துப் போனவர்கள்.

சட்டம் வந்தவுடன் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. 2018 ஆகஸ்டிலேயே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டது. அப்படியும் பல பாலிசிகளில் ‘மனநோய்க்குக் கிடையாது’ என்ற வரி நீடித்தது. மனநோய்க்குச் சிகிச்சை பெற்ற ஒரு பெண்ணின் கோரிக்கையை ஒரு நிறுவனம் தள்ளிவிட, அவர் டெல்லி உயர்நீதிமன்றம் போனார். 2021 ஏப்ரலில் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. சட்டம் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்தே நிறுவனங்கள் மனநோய்க்கும் காப்பீடு தந்தாக வேண்டும் என்று கோர்ட் சொன்னது. அதற்கு அப்புறமும் 2022 அக்டோபரில் ஆணையம் இன்னொரு தடவை கெடு வைக்க வேண்டியிருந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவ இத்தனை வருஷம்!

நம் அட்டை எதற்கு ஆகும்?

அது பிரீமியம் கட்டுகிறவர்கள் கதை. நம்மைப் போன்றவர்கள் வீட்டில் இருப்பது அரசு அட்டை. தமிழ்நாட்டில் 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டம் வந்து, இதோடு சேர்த்து நடத்தப்படுகிறது. குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. 72,000 ரூபாயாக இருந்த வருமான வரம்பு 2022-ல் 1,20,000 ஆக உயர்ந்தது. இதனால் எத்தனையோ ஏழைகளுக்கு இருதய ஆபரேஷன் நடந்திருக்கிறது. எங்கள் தெருவிலேயே ஒரு பாட்டி அப்படிப் பிழைத்தவர்தான். எனவே திட்டத்தைக் குறை சொல்வது என் நோக்கம் அல்ல.

மத்திய திட்டத்தின் சிகிச்சைப் பட்டியலில் மனச்சிதைவு, மனநிலை பாதிப்பு எல்லாம் இருக்கின்றன. ஆனால் அவை பொதுவாக அரசு ஆஸ்பத்திரிகளுக்கு என்று ஒதுக்கி வைத்தவை. அதனால் கவுன்ட்டரில் ‘இங்க செல்லாது’ என்றவர் மேல் இப்போது எனக்குக் கோபம் இல்லை. ‘இங்க செல்லாது, அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க’ என்று இன்னும் நாலு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாமே என்ற வருத்தம் மட்டும் இருக்கிறது. அந்த நாலு வார்த்தையின் விலை எங்களுக்கு 38,000 ரூபாய், மேலே வட்டி.

சரி, சரியான இடத்துக்கே போனோம், அட்டையும் செல்லுபடியானது என்று வைத்துக்கொள்வோம். இங்கேதான் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இருக்கிறது. இந்தத் திட்டங்கள் முக்கியமாக ஆஸ்பத்திரியில் சேர்ந்து படுப்பதற்கானவை. மத்திய திட்டத்தில் சேர்வதற்கு முன் 3 நாள், வீட்டுக்கு வந்த பின் 15 நாள் வரை செலவு உண்டு. வெளிநோயாளியாகப் போய் மாதாமாதம் மாத்திரை வாங்குவதற்கு அட்டையில் வழி இல்லை.

குடல்வால் ஆபரேஷன் செய்தவருக்கு 15 நாள் போதும். மனச்சிதைவுக்காரருக்கு? மாத்திரை வருஷக்கணக்கில் தொடர வேண்டும். நிறுத்தினால் நோய் திரும்பி வரும் ஆபத்து அதிகம்.

நம் பாஷையில் சொன்னால்...

மெக்கானிக்கல் படிக்கிற நமக்கு இதைப் புரியவைக்க உதாரணம் தேட வேண்டியதில்லை. ஒர்க்‌ஷாப்பில் முதல் வருஷமே சொல்லிக் கொடுத்தார்கள். பிரேக்டவுன் மெயின்டனன்ஸ் என்று ஒன்று உண்டு. பிரிவென்டிவ் மெயின்டனன்ஸ் என்று ஒன்று உண்டு. லேத்துக்கு வேளாவேளைக்கு எண்ணெய் விடுவது இரண்டாவது வகை. எண்ணெய் விடாமல் ஓட்டி, பேரிங் எரிந்து, மிஷின் நின்ற பிறகு ஆள் கூப்பிடுவது முதல் வகை. எதில் செலவு அதிகம் என்று கேட்டால் முதல் வருஷப் பையனும் சொல்வான்.

நம் காப்பீடு மனநோய் விஷயத்தில் பிரேக்டவுன் மெயின்டனன்ஸ் மட்டுமே செய்கிறது. ஆள் உடைந்து விழுந்தால் கட்டில் தரும். விழாமல் காக்கும் மாத்திரைக்கும், அதை வாங்கப் போகும் பஸ்ஸுக்கும், அன்றைய கூலிக்கும் பைசா கிடையாது.

‘அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை சும்மாதானே தர்றாங்க, அப்புறம் எதுக்குக் காப்பீடு?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. உண்மைதான், தருகிறார்கள். மாவட்ட மனநலத் திட்டம் 1996-97-ல் நாட்டில் முதன்முதலாக 4 மாவட்டங்களுக்கு வந்தபோது, அதில் திருச்சி ஒன்று. 1995-ல்தான் பெரம்பலூர் திருச்சியிலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆகியிருந்தது. அரியலூர் 2001-ல் பிரிந்து, 2002-ல் சேர்ந்து, 2007-ல் மறுபடி பிரிந்தது. ஜில்லா பிரிந்தாலும் திட்டம் இன்றைக்கு நம் இரண்டு மாவட்டத்துக்கும் உண்டு. பெரம்பலூரில் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. அரியலூரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியே திறந்தார்கள்.

எங்கள் கிராம நர்ஸம்மா சொல்லித்தான் சித்தப்பாவை அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். மாத்திரைக்கு ஒரு பைசா வாங்கவில்லை. சித்தப்பா தேறினார். ஆடு மேய்க்கப் போனார், சிரித்தார். கை நடுக்கம், பகல் தூக்கம் என்று மாத்திரையின் தொந்தரவு இருந்தது. அதற்கும் டாக்டர் அளவைக் குறைத்துக் கொடுத்தார்.

ஆனால் மாத்திரைதான் இலவசம். அந்த நாள் இலவசம் இல்லையே! ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் கூட ஒருவர் போக வேண்டும். அம்மா போனால் களையெடுப்புக் கூலி போச்சு. அப்பா போனால் அவர் கூலி போச்சு. இரண்டு பஸ் மாற வேண்டும். வரிசை, டீ, மத்தியானச் சாப்பாடு. 2015-16-ல் எடுத்த தேசிய மனநல ஆய்வே, மனநோயாளி உள்ள குடும்பம் சிகிச்சைக்கும் பயணத்துக்குமாக மாதம் 1,000 முதல் 1,500 ரூபாய் வரை செலவழிக்கிறது என்று சொல்லியிருக்கிறது. நோய்க்குத் தகுந்தபடி 100-க்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சையே பெறவில்லை என்றும் அதே ஆய்வு சொல்கிறது. இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காரணம் ஓரளவு தெரியும்.

எங்கள் வீட்டில் நடந்ததும் அதுதான். சின்ன வெங்காயம் நடவு நேரம். வேலை கிடைக்கிற சமயத்தில் ஒரு நாளை விட மனசு வரவில்லை. ‘நல்லாத்தானே இருக்கான், அடுத்த மாசம் போய்க்கலாம்’ என்றார் அப்பா. அடுத்த மாதம் அதற்கு அடுத்த மாதம் ஆனது. ஒரு நாள் காலையில் சித்தப்பாவைக் காணோம். நாலு நாள் தேடினோம். நெடுஞ்சாலையில் சுங்கச்சாவடி பக்கம், கால் இரண்டும் புண்ணாகி, லாரிகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், ‘வண்டி வரும், நீ போய்ப் படி’ என்றார். எனக்கு அப்போது இரண்டாவது செமஸ்டர் பரீட்சை. இரண்டு பேப்பர் அரியர் விழுந்தது ஏன் என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

முடியாத காரியமா?

வெளிநோயாளி சிகிச்சைக்குக் காப்பீடு கொடுத்தால் கட்டுப்படி ஆகாது, ஏமாற்று நடக்கும் என்பார்கள். ஏற்கனவே கொடுத்துக்கொண்டிருக்கிறார்களே! ‘நிராமயா’ என்று ஒரு மத்திய அரசுக் காப்பீடு உண்டு. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு போன்றவை உள்ளவர்களுக்கு வருஷம் 1 லட்சம் வரை. அதில் வெளிநோயாளிச் செலவும் மருந்தும் சேரும். 1999-ஆம் வருஷத்து தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவதால் மனநோய் அதில் இல்லை. அவர்களுக்கு முடிந்தது இவர்களுக்கு ஏன் முடியாது?

அடுத்தது ஈ.எஸ்.ஐ. இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள், நாளைக்கு நமக்கே வேண்டியது. சிமெண்ட் ஆலையோ டயர் கம்பெனியோ, நம்மில் பலர் போகப் போவது அங்கேதான். சம்பளம் மாதம் 21,000 வரை உள்ள தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு. நம் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிப்பார்கள், முதலாளி 3.25 சதவீதம் கட்டுவார். இதில் வெளிநோயாளி சிகிச்சை உண்டு. வேலைக்குப் போக முடியாத நாளுக்குப் பணமும் உண்டு; வருஷத்துக்கு 91 நாள் வரை 70 சதவீதம். நீண்ட கால நோய்கள் என்று 34 வகை வைத்திருக்கிறார்கள். மனச்சிதைவு அதில் ஒன்று. இரண்டு வருஷம் தொடர்ந்து வேலையில் இருந்தவருக்கு இந்த நோய்களுக்கு 80 சதவீதம் வரை, 2 வருஷம் வரை கிடைக்கும். அதாவது, மனநோயாளிக்குத் தேவை மருந்து மட்டும் அல்ல, போன கூலியும்தான் என்பதை அரசாங்கம் ஒரு இடத்தில் ஒத்துக்கொண்டிருக்கிறது. எங்கள் சித்தப்பா லாரி கிளீனர். அவர் பேரில் யாரும் எதுவும் கட்டவில்லை. தொழிற்பழகுநர் சட்டத்தின்படி அப்ரன்டிஸாகப் போகிறவர்களுக்கும் ஈ.எஸ்.ஐ. கிடையாது. எனவே இன்டர்வியூவில் ‘சம்பளம் எவ்வளவு சார்?’ என்று கேட்பதோடு ‘ஈ.எஸ்.ஐ. பிடிப்பீங்களா சார்?’ என்றும் கேளுங்கள்.

என்ன வேண்டும்?

என் சிற்றறிவுக்கு எட்டியதைச் சொல்கிறேன்.

ஒன்று, மாநிலத் திட்டத்தில் மனநோய்க்கு மாதாந்திர வெளிநோயாளிச் செலவையும், கூட வருபவரின் ஒரு நாள் கூலியையும் பஸ் செலவையும் சேர்க்க வேண்டும். ஒருவர் ஒரு தடவை நோய் முற்றிச் சேர்வதை இது தடுத்தாலே போட்ட பணம் வீண் போகாது.

இரண்டு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீடு தேடி வருகின்றன. டாக்டர் எழுதிக் கொடுத்த மனநல மாத்திரையும் அதே பையில் வரட்டுமே!

மூன்று, எந்த நோய்க்கு எந்த ஆஸ்பத்திரியில் அட்டை செல்லும் என்று ரேஷன் கடையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தமிழில் எழுதிப் போட வேண்டும். படிக்கத் தெரிந்த ஒருவன் ஒவ்வொரு வீட்டிலும் இப்போது இருக்கிறான்.

அரசாங்கம் செய்யட்டும் என்று நாம் கை கட்டி இருக்க வேண்டாம். மனநோயும் ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தில் அடங்கும். 40 சதவீதத்துக்கு மேல் பாதிப்பு இருந்தால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கலாம். அது இருந்தால் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் நோயாளிக்கும் கூட வருபவருக்கும் டிக்கெட் இல்லை. இதை உங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குச் சொல்லுங்கள். விண்ணப்பத்தை நீங்களே நிரப்பிக் கொடுங்கள். 14416 என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். ஹாஸ்டலில் தூங்காமல் கிடக்கிற நண்பனுக்கும் அது உதவும்.

கடைசியாக ஒன்று. கேன்டீனில் விளையாட்டுக்குக்கூட ஒருவனை ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்று சொல்லாதீர்கள். 1794-ல் தொடங்கிய ஆஸ்பத்திரி அது. எத்தனையோ பேரைத் தேற்றி வீட்டுக்கு அனுப்பிய இடம். அதன் பேரை வசைச் சொல்லாக்கியது நாம். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்துதான் எங்கள் வீட்டில் மூன்று மாதம் டாக்டரிடம் போகாமல் கயிறு கட்டிக்கொண்டிருந்தோம்.

சித்தப்பா இப்போது நன்றாக இருக்கிறார். அட்டை போட்டுவிட்டோம். முதல் வாரத்தில் அம்மா, அடுத்த மாதம் நான் என்று முறை வைத்து அழைத்துப் போகிறோம். அன்றைக்கு வகுப்பில் எனக்கு ஆப்சென்ட் விழும். போன மாதம் ஆடு விற்ற காசில் 200 ரூபாயை எடுத்து, ‘பரீட்சைக்குப் பீஸ் கட்டு’ என்று என் சட்டைப் பையில் வைத்தார். இரண்டு அரியரையும் எழுதி முடித்துவிட்டேன்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். தனக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம் நண்பர்களே. தெரிந்துகொள்வோம், தெரியாதவர்களுக்குச் சொல்வோம், கேட்க வேண்டியதைக் கேட்போம்!